படகின் முன் சீட்டு என்னுடையது

அன்புள்ள மகனுக்கு,

பயப்படாதே, உனக்குப் புதிதாக ஒரு தாய் முளைத்து வந்துவிடவில்லை. நான்தான், உன் மகள். பிறந்த நாளிலிருந்து நீ என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறாய். 'அம்மா சாப்டாச்சா', 'அம்மா அந்த ஸ்பேனர எடு', 'அம்மா டிவி சத்தத்தக் கொற'. கோபம் வந்தால் மட்டும் 'ஏட்டி'. அப்பாமார்கள் பெண் பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது தாராவியில் நம் சந்து முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் இத்தனை வருடம் 'அம்மா, அம்மா' என்று வேலை வாங்கிவிட்டு, அம்மாவுக்குரிய அதிகாரத்தை மட்டும் யாரும் கொடுத்ததில்லை. இன்றைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன். நேரில் உன்னை 'நீங்க' என்பவள், இந்தக் கடிதத்தில் மட்டும் 'நீ' என்பேன். உன் பெண்டாட்டியை, அதாவது என்னைப் பெற்றவளை, 'மருமகள்' என்பேன். எங்கள் இருவருக்கும் ஏன் ஒத்துப்போவதே இல்லை என்பது இப்போதாவது விளங்குகிறதா?

நம் தெருச் சங்கத்து ஆண்டு மலருக்கு, இந்த வருடம் முதல்முறையாக, வெளியூர் போய்ப் படிக்கப்போகிற பிள்ளைகள் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். வருகிற செவ்வாய்க்கிழமை நான் குர்லாவில் கோயம்புத்தூர் ரயில் ஏறுகிறேன் என்பதால் என் தலையிலும் விழுந்தது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், தமிழில் எழுதத் தெரிந்தவள் என்று பிடித்துக்கொண்டார்கள். பழைய மலர்களைப் புரட்டினேன். எல்லாமே பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதியவை: நேரத்துக்குச் சாப்பிடு, பத்திரமாக இரு, கெட்ட சகவாசம் வேண்டாம். யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடாதவன் நீ. பத்திரமாக இல்லாதவன் நீ. கெட்ட சகவாசம் பிடித்திருப்பவனும் நீ. அதனால் கடிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

அந்தக் கெட்ட சகவாசத்தின் பெயர் மித்தி நதி. இந்தியில் பெயர் இனிப்பு, மூக்கில் வாடை புளிப்பு. ஊரில் எத்தனையோ அப்பாமார்கள் சீட்டாடுகிறார்கள், கிரிக்கெட் பார்க்கிறார்கள், குடித்துவிட்டு 90 ஃபீட் ரோட்டில் பாட்டுப் பாடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளெல்லாம் பெருமூச்சு விடும்போது நானும் சேர்ந்து விடலாம். ஆனால் என் அப்பா ஒரு சாக்கடையைக் காதலிக்கிறார் என்று நான் எந்தத் தோழியிடம் போய்ச் சொல்வது? மகனே, ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. இஞ்சி தின்றும் அடங்கவில்லை.

இந்த எரிச்சல் நதியில் தொடங்கவில்லை. இதன் வேர் நீ ஏசி ரிப்பேர் வேலைக்குப் போகிற ஸ்கூட்டரில் இருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் ஸ்கூட்டரில் என் இடம் முன்னால். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, உன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நின்றுகொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போவோம், எனக்கு மசால் தோசை, உனக்கு ரெண்டு காபி. போகிற வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வருவாய். எந்தக் கட்டடத்தில் எந்த ஏசி ஒழுகுகிறது, எந்த மாமி வேலைக்கு வந்தவனுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டாள், எந்த வாட்ச்மேன் உன்னை 'இன்ஜினியர் சாப்' என்று கூப்பிடுகிறான், எல்லாம் என் உச்சந்தலைக்கு மேலேதான் வந்து விழும். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அப்புறம் நான் வளர்ந்தேன். ஹேண்டிலுக்கு மேலே என் தலை உனக்கு மறைத்தது. ஒரு நாள் 'அம்மா, நீ இனிமே பின்னால உக்காரு' என்றாய். அடுத்த நாளே என் இடத்தில் ஏசிக்குக் கேஸ் நிரப்புகிற சிலிண்டர் வந்து நின்றது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, குட்டையாக, கழுத்தில் ஒரு வால்வோடு. நான் பின் சீட்டிலிருந்து உன் முதுகையும் ஹெல்மெட்டையும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பவனிடம் என்ன பேசுவது? அவன்தான் என்ன பேசுவான்? என் வாழ்க்கையின் முதல் எதிரி அந்தச் சிலிண்டர். ஒரு தடவை அதற்கு ஸ்கெட்ச் பேனாவால் மீசை வரைந்து வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனாயாமே. 'உங்க அசிஸ்டென்டா?' என்று அந்த மாமி கேட்டாளாமே.

சிலிண்டர் போதாதென்று படகு வந்தது. செம்பூரில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்கு வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது நீ ஏசியைக் கழற்றப் போனாய். ஏசியோடு கூட, 'இதையும் எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, பரணில் கிடக்கு' என்று அவர்கள் தள்ளிவிட்டதுதான் அந்தக் காற்றடிக்கிற படகு. ரெண்டு சீட்டு, ரெண்டு துடுப்பு, ரெண்டு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். மூட்டையாகச் சுருட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்தாய். நேராக எங்கேயாவது தண்ணீருக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் நீ ஆர்வக்கோளாறு பிடித்த பிள்ளை. ஏசியில் தூசி ஊதுகிற புளோயரை வீட்டு பிளக்கில் சொருகி, வாசலிலேயே வைத்து ஊதினாய். படகு பெருத்தது. பெருத்துக்கொண்டே போனது. நம் சந்தின் அகலம் என்ன, படகின் அகலம் என்ன என்று ஏசிக்கு டேப் பிடிப்பவன் ஒரு தடவை டேப் பிடித்திருக்கலாம். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே கார்க் மாதிரி போய் இறுகிக்கொண்டது. சரியாகக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். இடுப்பில் குடத்தோடு செல்வி அத்தை வந்து நின்றாள்.

"ஏ அண்ணே, சந்த அடைச்சுப் போட்டு நிக்கீயளே, நான் என்ன பறந்தா போவேன்?"

"ஏறித் தாண்டிப் போ தாயி. ரப்பர்தான், ஒண்ணும் ஆவாது."

செல்வி அத்தை நம்பி ஏறினாள். படகு ஒரு துள்ளுத் துள்ளியது. அத்தை உட்கார்ந்துவிட்டாள், குடம் கவிழ்ந்துவிட்டது. அந்தப் படகில் முதல் முதலாகத் தண்ணீருக்கும் மனுஷிக்கும் சம்பந்தம் ஏற்பட்டது அப்படித்தான். அவளுக்குப் பின்னால் குடங்களோடு வரிசை நின்றது. 'அரே பாய், ராஸ்தா கோலோ' என்று வழி விடச் சொல்லி ஒருத்தர், 'டிக்கெட் எவ்வளவு அண்ணாச்சி, மாஹிம் வரைக்கும் போவுமா' என்று இன்னொருத்தர். மருமகள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்க, இது வீடா தொறமொகமா? நீச்சல் தெரியாத மனுசனுக்குக் கப்பல் ஒரு கேடா?"

நீ சிரித்துக்கொண்டே காற்றைப் பிடுங்கிவிட்டாய். படகு 'புஸ்ஸ்ஸ்' என்று அடங்கியது. அந்த ஆசையும் அதோடு அடங்கிவிடும் என்று நினைத்துச் சந்தில் அன்றைக்கு ரொம்பச் சிரித்தவள் நான்தான்.

அடங்கவில்லை. புளோயருக்குக் கரன்ட் வேண்டும், படகுக்கு அகலமான இடம் வேண்டும். மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் நதிக்கரையிலேயே வலை போட்டு வைக்கிற கொட்டகையும், அதில் ஒரு பிளக் பாயின்ட்டும் வைத்திருந்தார் பாண்டு காகா. உன் வயசுதான். மீன்காரர், மராத்திக்காரர். நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழையும் கருவாடு மாதிரி துண்டு துண்டாகப் பேசுவார். கடல் பொங்கி நதியில் தண்ணீர் ஏறுகிற நேரம், வடிந்து இறங்குகிற நேரம் அவருக்குத் தெரியும், உனக்கு ஏறவும் தெரியாது இறங்கவும் தெரியாது. ஆக, பிளக் பாயின்ட் கொடுத்தவருக்கு முன் சீட்டு என்று முடிவாகிவிட்டது. என்னைக் கேட்டீர்களா? நதியில் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் தோதாக வரும் போலிருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள் போச்சு. மசால் தோசை போச்சு. நீ மத்தியானம் வருவாய், சேற்றுக் காலோடு, வெயிலில் கறுத்த முகத்தில் பல் மட்டும் தெரிய. 'இன்னிக்குக் கொக்கு எவ்வளவு தெரியுமா! பாலத்துக்குக் கீழ போனா எப்படிக் குளுகுளுன்னு இருக்கு தெரியுமா, ஏசி தோத்துது!' சோறு பிசைந்தபடி அதையே சொல்வாய். ஏசிக்காரன் ஏசி தோற்றுவிட்டது என்று சந்தோஷப்படுவதை அப்போதுதான் பார்த்தேன். என் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு மட்டும், 'நல்லது அம்மா' என்று ரெண்டே வார்த்தை. கொக்குக்கு ஒரு கதை, எனக்கு ரெண்டு வார்த்தை. நானும் ஒற்றைக் காலில் நின்றிருக்க வேண்டுமோ என்னவோ.

அதனால்தான் அந்த விளம்பரம். பழைய சாமான் விற்கிற ஆப்பில் உன் படகைப் படம் பிடித்துப் போட்டேன். 'விற்பனைக்கு: எங்கள் அப்பாவின் சின்ன வீடு. நிறம் நீலம். காற்றடித்தால் பெரிய வீடு. சண்டை போடாது, சோறு கேட்காது, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சாப்பிடும். விலை பேசலாம்.' இந்தியில் எழுதினேன், இன்னும் சுவையாகவே இருந்தது. சும்மா ஒரு மஸ்தி, படித்துவிட்டு நாலு பேர் சிரிப்பார்கள் என்று பார்த்தால், கல்யாணிலிருந்து ஒரு ஆள் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார். அங்கே உல்லாஸ் நதியில் ஓட்டவாம். முதுகில் பை, கையில் பம்பு. நீ அப்போதுதான் வேலை முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தாய். அவர் வாசலில் நின்றுகொண்டு 'போட் பேச்னா ஹை நா?', படகு விற்கத்தானே என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எவ்வளவு காற்று வேண்டும், எல்லாம். கடைசியில் அவர் ஒரு விலை சொன்னார், நல்ல விலை. மருமகளின் கண் விரிந்தது. நீ தலையை ஆட்டினாய். "பாய், யே பேச்னே கா நஹி. மேரா சண்டே ஹை யே," என்றாய். விற்பதற்கில்லை, இது என் சண்டே என்று. அவர் சிரித்துக்கொண்டே, மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்று நம்பரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அது ஒங்க சண்டேன்னா, நான் யாருப்பா? நான் என்ன மண்டேயா?"

சிரிக்கவென்று சொன்னதுதான், பாதியிலேயே அழுகை முட்டிவிட்டது. கெட்ட பழக்கம் எனக்கு. நீ டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாய்.

"ஏட்டி, ஒரே ஒரு நா வந்து பாரு. அதுல ஏறிப் பாத்துட்டு, வேண்டாம்னா நீயே அந்த ஆளுக்குப் போனப் போடு. வித்துரு. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"நிஜமா?"

"நீ அம்மால்லா. நீ சொன்னா சரி."

மகனே, அம்மா கையில் அப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. எனக்கு மட்டும் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஊரை விட்டுப் போவதற்கு முன், மூட்டை கட்டுகிற ஞாயிறு போக, ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. அதில் அந்த மித்தியைப் போய் நேருக்கு நேர் பார்ப்பது, மூக்கைப் பொத்துவது, கரைக்கு வந்து கல்யாணுக்குப் போன் போடுவது. நான் கோயம்புத்தூர் போன பிறகு நீ ஞாயிற்றுக்கிழமையில் என்னை நினைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாய். அதுதான் திட்டம். நான் இல்லாத ஊரில் என் எதிரி மட்டும் இருக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, மூச்சு வாங்க நின்றிருந்தது. கொட்டகைக்கு நாம் போனதும் பாண்டு காகா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதான் பாப்பாவா? எனக்குத் தெரியும். கணக்குல நெறைய மார்க். கெமிஸ்ட்ரி கொஞ்சம் கம்மி. கத்திரிக்கா சாப்டாது. லைட்டு போட்டுத்தான் தூங்கும். ஹாஸ்டல்ல லைட்டு அமத்திட்டா என்னா பண்ணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு யாரு சொன்னா காகா?"

"யாரு சொல்லும்? பின்னாடி ஒக்காந்து இவன்தான். எல்லா சண்டேயும் ஒன் கதெ. என் காது," என்று தன் காதைப் பிடித்து ஆட்டிக் காட்டினார், "புண்ணு. ரிசல்ட்டு வந்த சண்டே, பாலம் வரெக்கும் போயி திரும்பி வர்ற வரெக்கும் ரிசல்ட்டு, ரிசல்ட்டு. மீனு எல்லாம் பாஸ் ஆயிடுச்சு."

நீ புளோயரைப் போட்டுவிட்டாய், சத்தத்தில் பேச்சு மறைந்துவிடும் என்று. எனக்குக் காது கேட்காமல் போகவில்லை, மகனே. வயிறுதான் இன்னொரு தடவை பற்றி எரிந்தது. நதிமேல் இருந்த பொறாமை அப்படியே இடம் மாறி காகாமேல் போய் உட்கார்ந்தது. எனக்கு ரெண்டே வார்த்தை கொடுத்துவிட்டு, மீதி அத்தனையையும் ஒரு மீன்காரரின் முதுகிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். என் மார்க்கு, என் பயம், என் கத்திரிக்காய். நான் சம்பாதித்த பாராட்டை வேறு யாரோ வாராவாரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், அதுவும் சலித்துக்கொண்டு!

காகா முன் சீட்டைக் கையால் துடைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றுகொண்டார். "இன்னிக்கி நா லீவு. ரொம்ப தூரம் போகாதே, தண்ணி எறங்கறதுக்குள்ள வா," என்றார். நான் ஏறினேன். ஜாக்கெட்டின் பட்டையை நீ இழுத்து இழுத்து மூன்று தடவை சரிபார்த்தாய். உன்னுடையதை நீ சரியாகக் கட்டவில்லை. அதை நான் கட்டிவிட்டேன். படகு ஆடியது, நான் கத்தினேன், காகா சிரித்தார்.

வாடையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் மழை கழுவிவிட்டதில் தண்ணீர் கறுப்பாக இல்லை, டீ மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு, சாமிக்குப் போட்ட சாமந்தி, எல்லாம் நம்மோடு கூடவே ஊர்வலம் வந்தது. ஒரு பக்கம் புதர்புதராகச் சேற்று மரங்கள், அதில் உன் கொக்குகள். இன்னொரு பக்கம் கண்ணாடி ஆபீஸ்கள். சாலையிலிருந்து பார்க்கும்போது பளபளவென்று முகம் காட்டுகிற கட்டடங்கள், நதிக்குத் தம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. முதுகு முழுக்க ஏசியின் வெளிப்பெட்டிகள், ஒழுகுகிற குழாய்கள், துருப்பிடித்த கம்பிகள். உனக்குப் பழக்கமான முதுகுகள். அப்புறம் ரயில் பாலம் வந்தது. மாஹிமிலிருந்து பாந்திராவுக்கு டியூஷன் போகும்போது அந்தப் பாலம் வந்தாலே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்பவள் நான். நம் தலைக்கு மேலே ரயில் தடதடவென்று போனது. வாசலில் தொங்கிக்கொண்டு மூக்கைப் பிடித்திருந்த ஒருத்தன் நம்மைப் பார்த்துவிட்டு, மூக்கை விட்டுவிட்டுக் கையை ஆட்டினான். நானும் துடுப்பை ஆட்டினேன். உன்மேல் தண்ணீர் தெறித்தது. முதல் தடவை தற்செயல். ரெண்டாவது தடவை வேண்டுமென்றேதான்.

பாலம் தாண்டிய பிறகுதான் நீ பேச ஆரம்பித்தாய். எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் உச்சந்தலைக்கு மேலே.

"அம்மா, அந்தா தெரியுதுல்லா, ரெண்டாவது கட்டடம். அந்த மூலைல இருக்க மூணு பெட்டியும் நான் மாட்டுனதுதான். கயித்துல தொங்கிக்கிட்டு மாட்டுனேன். அப்பத்தான் மேலருந்து இந்தத் தண்ணியப் பாத்தேன். இவ்வளவு நாளும் இதுக்குப் பக்கத்துலயே கெடந்துருக்கோம், ஒருநாளும் பாக்கலியேன்னு இருந்துச்சு."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாய் என்று எப்படியோ தெரிந்தது.

"எல்லாரும் கேப்பாவ, 'உங்க ஊரு எது'ன்னு. திருநெல்வேலின்னு சொல்லுவேன். அங்க போனா பம்பாய்க்காரன் வந்துருக்கான்னு சொல்லுதாவ. இங்க மதராஸிங்கான். நான் பொறந்தது இங்க, அடிவாங்குனது இங்க, நீ பொறந்தது இங்க. இந்தத் தண்ணிக்கு நடுவுல வந்து உக்காந்தா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். ரெண்டு கரையும் நம்மதுதான்னு தோணுது. நாத்தம் அடிச்சாலும் நம்ம வீட்டு நாத்தம்தானே."

நாலு தடவை துடுப்பு போட்டாய்.

"கோயம்புத்தூர்லயும் ஒன்கிட்ட கேப்பாவ. 'நீ எந்த ஊரு'ன்னு. யோசிக்காத. மும்பைன்னு சொல்லு. நல்லா சத்தமா சொல்லு. அங்கயும் ஒரு ஆறு இருக்காம்லா, அதப் போய்ப் பாரு. அதுக்கும் ஒரு பவுசு இருக்கும்." அப்புறம் உன் துடுப்பு நின்றது. "லைட்ட அமத்தச் சொன்னா, போன்ல டார்ச்சப் போட்டுத் தலையணைக்கு அடியில வச்சுக்கிடு. யாருக்கும் தெரியாது. பயந்தா போனப் போடு. நான் முழிச்சுதான் இருப்பேன்."

எனக்கு ரிசல்ட் வந்த அன்றைக்கு நீ சொல்லாமல் விட்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அதை இந்த மலரில் எழுத மாட்டேன். சந்து முழுக்கப் படிக்கும். காகாவுக்கு ஏற்கெனவே தெரியும், போதும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ மாறவே இல்லை. ஸ்கூட்டரில் என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பிய நாளில்தான் உன் பேச்சு நின்றது. கொக்குக் கதையைத் தவிர, மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே பேச வராத பிள்ளை நீ. கிங்ஸ் சர்க்கிளில் எதிரெதிரே உட்கார்ந்தால் காபியைப் பார்ப்பாய், வாசலைப் பார்ப்பாய், பில்லைப் பார்ப்பாய். உனக்கு முன்னால் ஒரு தலை வேண்டும், அது திரும்பாமல் இருக்க வேண்டும். சாலையில் அந்த இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் காகா. நான்தான் ஒன்றும் தெரியாமல் உன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, இந்த மனுஷன் ஏன் பேசவே மாட்டேன் என்கிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்ததும் போனை எடுத்தேன். நீ துடுப்பைத் துடைப்பது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் துடுப்பு அவ்வளவு சுத்தமாக என்றைக்குமே இருந்ததில்லை. கல்யாண்காரரிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'ஃபைனல் பிரைஸ் சொல்லுங்கள்.' நான் பதில் போட்டேன்: 'மன்னிக்கவும். சாமான் விலைக்கு இல்லை. ஓனரின் அம்மா விட மாட்டேன் என்கிறார்.' அவர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். உன்னிடம் காட்டினேன். நீ படித்துவிட்டு, 'பசிக்குதா அம்மா, கிங்ஸ் சர்க்கிள் போவமா' என்றாய். போனோம். தோசை வந்தது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை, பில்லைப் பார்த்தாய். எனக்கு முதல் தடவையாக அதில் வருத்தம் வரவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. முன்பு நதிமேல் மட்டும் இருந்தது, இப்போது உன்மேலும் வந்துவிட்டது. நான் போகிறேன், நீ இருக்கிறாய். உனக்கு நதியும் இருக்கிறது, பாலமும் இருக்கிறது, கையாட்டுகிற ரயிலும் இருக்கிறது. நம் ஊரையே உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறேன், அதுவும் அது எனக்கும் ஊர்தான் என்று தெரிந்த அடுத்த வாரமே. கல்யாணில் ரயில் நிற்கும்போது அந்த ஆள் வேறு படகோடு நின்றால், சத்தியமாகச் சொல்கிறேன், இறங்கித் திரும்பி வந்துவிடுவேன்.

ஆகையால் அம்மாவின் கட்டளைகளைக் கேட்டுக்கொள். மழை பெய்யும்போது போகாதே, காகா வேண்டாம் என்றால் வேண்டாம். ஜாக்கெட்டின் மேல் பட்டையை மட்டும் கட்டி ஏமாற்றாதே, கீழ்ப் பட்டையையும் கட்டு. அந்த வயசில் நீச்சல் பழகினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், செல்வி அத்தையைத் தவிர. ஆற்றில் நனைந்த கையோடு மிக்சர் பொட்டலத்தில் கையை விடாதே, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தின்னு. மருமகளையும் ஒரு நாள் கூட்டிப்போ. திட்டிக்கொண்டே வருவாள், பரவாயில்லை. ஆனால் அவளைப் பின்னால் உட்கார வை. அவளுக்கு முகத்துக்கு நேரே பேசத் தெரியும், முதுகு தேவையில்லை.

முன் சீட்டில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. காகாவுக்கு நான் நேரிலேயே சொல்லிவிட்டேன், 'என் காது பொழெச்சுது' என்று சந்தோஷமாகத் தன் தோணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வருகிறேன் என்றார். முன்னால் கனம் இல்லாவிட்டால் படகு மூக்கைத் தூக்கும் என்று நீ சொல்வாய், தெரியும். அதற்குத்தான் என் பழைய எதிரி இருக்கிறானே. அந்த நீலச் சிலிண்டரைத் தூக்கி என் சீட்டில் வை. அவன் என் எடைக்கு வரமாட்டான், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கேனும் வை. என் ஜாக்கெட்டை அவனுக்குப் போட்டுவிடு. மீசையை நான் நேற்றே அழித்துவிட்டேன். உன் போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, அவன் கழுத்தில் கட்டி, எனக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடு. வீடியோ வேண்டாம். முகம் தெரிந்தால் உனக்கு வார்த்தை வராது.

பாலம் தாண்டட்டும். அதுவரைக்கும் துடுப்புச் சத்தமே போதும் எனக்கு. அதற்கப்புறம் ஆரம்பிங்க அப்பா. நான் முன்னாலதான் இருக்கேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இங்ஙனம்,
செவ்வாய்க்கிழமை வரை உங்களுக்கு மகளாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு அம்மாவாகவும் இருக்கிறவள்